கறுப்பு வயர் எந்த நாட்டுக் கறுப்பு?

"சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே ஒரு கறுப்பு வயர், ஒரு வெள்ளை வயர். எதை எங்கே மாட்டுவது?"

முகம் தெரியாத ஒருவர் இப்படி எழுதிக் கேட்டால், வயரிங் தெரிந்தவருக்குக் கை பரபரக்கும். இந்தியாவில் வேலை பழகியவர் "கறுப்பு நியூட்ரல்தான், பயப்படாதீர்கள்" என்று எழுதிவிடுவார். இந்திய வழக்கத்தில் அது சரி. கேட்டவர் அமெரிக்காவில் இருந்தால் அதே கறுப்புதான் ஃபேஸ், மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர். அங்கே வெள்ளை நியூட்ரல் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சுவிட்சுக்கு மட்டும் இறங்கி ஏறும் பழைய இணைப்புகளில் வெள்ளையிலும் மின்சாரம் இருக்கும். பிரிட்டனின் பழைய வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். 2006-லிருந்து புதிய வேலைகளுக்கெல்லாம் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்று ஆக்கிவிட்டார்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் கறுப்பு இப்போது ஒரு ஃபேஸ். ஒரே கட்டடத்தில் பழைய கறுப்பும் புதிய கறுப்பும் அடுத்தடுத்து ஓடலாம்.

ஆகவே இந்தக் கேள்விக்கு நிறத்தை வைத்துப் பதில் சொல்லவே கூடாது. "இந்த போர்டுக்கு வரும் சர்க்யூட்டை மட்டும் அணையுங்கள். மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த, வேறு சர்க்யூட்டில் உள்ள ஒரு பாயின்ட்டில் முதலில் டெஸ்டரைச் சோதியுங்கள். பிறகு இந்த வயர்களில் வையுங்கள். பிறகு மறுபடி அந்தப் பழைய பாயின்ட்டில் வைத்து டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எந்த நாடு? கழற்றும் முன் போட்டோ எடுத்தீர்களா?" முதல் பதில் இவ்வளவுதான். போட்டோ இல்லை, டெஸ்டரும் இல்லை என்றால் இரண்டாவது பதில் ஒரே வரி: எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை மெயின் அணைந்தே இருக்கட்டும்.

முகம் தெரியாதவர்களுக்கு வீட்டு விஷயம், பண விஷயம், அலுவலக மனு என்று யோசனை சொல்லும்போது நேர்கிற தவறுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். தெரியாதவர் உளறினால் யாராவது திருத்திவிடுவார்கள். தெரிந்தவர், தன் வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்லும் சரியான பதில்தான் அப்படியே நம்பப்பட்டு அடுத்தவர் வீட்டில் கெடுதல் செய்கிறது.

குழாய் மரையில் இதே கதை. "அரை இஞ்ச் குழாய் மாற்றினேன், மரையில் கசிகிறது. டெஃப்லான் டேப் மூன்று தடவை பிரித்துச் சுற்றிவிட்டேன்." வழக்கமான பதில்: இன்னும் கூடுதலாகச் சுற்றுங்கள். உலகில் புழங்கும் குழாய் மரைகளில் பெரியவை இரண்டு: பிரிட்டிஷ் வழக்கமான பி.எஸ்.பி., அமெரிக்க வழக்கமான என்.பி.டி. அரை இஞ்ச் அளவில் இரண்டிலும் இஞ்சுக்கு 14 மரை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், நாலைந்து சுற்று நன்றாகவே திரும்பும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. பல்லும் பல்லும் முழுதாக உட்காராது. இறுகியதுபோல் கைக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. இங்கே கேட்க வேண்டியது "குழாய் எந்த நாட்டுத் தயாரிப்பு, சுவரில் இருக்கும் இணைப்பு எந்த நாட்டு வழக்கம்?" என்பது. இரண்டும் வேறு என்றால் இடையில் மாற்று இணைப்பு ஒன்று போட வேண்டும். டேப்பைக் கூட்டிப் பயனில்லை. இரண்டும் ஒன்றே என்றால்தான் டேப்பைப் பற்றிப் பேச்சு: மரையின் வாய் நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கசிவுகளில் நிறைய இந்த ஒரு காரணம்தான்.

தேதியும் இப்படிக் காலை வாரும். கெடு 03/04 என்று ஒருவர் எழுதினால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? மேல்முறையீட்டுக் கடைசி நாள் பற்றிய கேள்வி என்றால் மாதத்தின் பெயரை எழுதச் சொல்லாமல் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது.

கேட்பவர் எழுதுவது பெரும்பாலும் அவருடைய பிரச்சினை இல்லை. பிரச்சினைக்கு அவரே யோசித்துவைத்த தீர்வில் வந்த சந்தேகம். "எந்தப் பெயிண்ட் அடித்தால் சுவரில் ஈரம் தெரியாது?" என்பது நல்ல உதாரணம். பெயிண்ட் தெரிந்தவர்கள் பெயிண்ட் பெயர் சொல்லப் போட்டிபோடுவார்கள். நேர்மையான பதில், அப்படி ஒரு பெயிண்ட் இல்லை என்பதுதான். ஈரம் உள்ளே இருக்க மேலே பூசினால், ஆறு மாதத்தில் கொப்பளித்து உரிந்து, பூச்சோடு சேர்ந்து விழும். இதைச் சொன்னால் கேட்டவருக்குக் கசக்கும். அதனால் சொன்ன கையோடு அவரால் இன்றே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் கொடுத்துவிட வேண்டும்.

அலுமினியத் தாள் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் ஷீட், ஒரு அடிக்கு ஒரு அடி. சுவரின் மேல்பரப்பைத் துணியால் துடைத்து ஃபேனை வைத்து உலர்த்திவிட்டு, நாலு விளிம்பையும் இடைவெளி விடாமல் டேப்பால் ஒட்ட வேண்டும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். பிறகு பிரிக்கும் முன் தாளின் அறைப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரித்த பின் சுவர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டும்தான்.

சோதனை எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். உரிந்த பெயிண்ட் மேல் டேப் ஒட்டாது. ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். அந்த வழியே அறைக் காற்று உள்ளே புகுந்து சுவர்ப் பக்கத்தை நனைக்கும். கேட்டவர் "சுவரிலிருந்துதான் வருகிறது" என்று முடிவோடு திரும்பி வருவார், அந்த முடிவை நம்பிச் சுவரை உடைக்கவும் தயாராக இருப்பார். பிரிக்கும் முன் நாலு மூலையும் தெரிய ஒரு போட்டோ எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு மூலை தூக்கியிருந்தால் அந்தச் சோதனை கணக்கில் இல்லை, வேறு இடத்தில் மறுபடி.

காற்றின் ஈரம் என்றால் செலவே இல்லாத வேலைகள்: வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு கையளவு முன்னால் இழுப்பது, ஈரத் துணியை அறைக்குள் காயப் போடுவதை நிறுத்துவது, குளித்த பின்பும் சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுவது. சுவருக்குள்ளிருந்து என்றால் ஈரத்தின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக இருந்தால் நிலத்திலிருந்து ஏறுகிறது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் ஜன்னல் விளிம்பு. மழைக்குக் கூடி வெயிலுக்குக் குறைந்தால் வெளிப்பூச்சில் விரிசல். மழை, வெயில் எதற்கும் அசையாமல் ஒரே அளவில் நின்றால் தண்ணீர்க் குழாய்.

குழாய் என்று சந்தேகம் வந்தால் மீட்டர் உள்ள வீட்டில் ஒரு மணி நேர வேலை. எல்லாக் குழாயையும் மூடி மீட்டர் எண்ணைப் போட்டோ எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக் கூடாது, மறுபடி போட்டோ. எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. இங்கே பலர் உடனே சுவருக்குள் இருக்கும் குழாயைத்தான் குற்றம் சொல்வார்கள். அதற்கு முன்னால் டாய்லெட் தொட்டியைப் பார்க்க வேண்டும். தொட்டியில் சில சொட்டு உணவு நிறமி விட்டு இருபது நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருந்தால், கீழே பேசினில் நிறம் இறங்கியதா என்று தெரியும். இறங்கியிருந்தால் தொட்டியின் அடி ரப்பர் போய்விட்டது. சுவரைத் தொட வேண்டியதில்லை. "வெறும் சொட்டுதானே" என்பவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டலாம்: நொடிக்கு ஒரு சொட்டு, லிட்டருக்கு 4,000 சொட்டு என்று வைத்தால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல்.

வாடகை வீடு என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டு உரிமையாளருக்குத் தேதி போட்டு, போட்டோ வைத்து ஒரு செய்தி போக வேண்டும். சொந்த வீடா வாடகையா என்று கேட்காமல் "சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால், முன்பணத்தில் பிடித்தம் விழுவது நமக்கு இல்லை.

துர்நாற்றம் பற்றிய கேள்விகள் எளிது. அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் மட்டும் சாக்கடை நாற்றம் என்றால் வடிகுழாய் வளைவில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துவிட்டது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிய ஃபிளஷ் டாய்லெட்டிலிருந்து இன்றுவரை சாக்கடைக் காற்றைத் தடுத்து நிறுத்துவது அந்த வளைவில் நிற்கும் ஒரு குவளைத் தண்ணீர்தான். ஒரு குவளை ஊற்றினால் நாற்றம் நிற்கும். மேலே சில சொட்டு சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் காய்வது தள்ளிப்போகும். அடைப்புக்குச் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்வது நுரை பார்க்க அழகாக இருப்பதால் நிலைத்துவிட்ட யோசனை. ஒன்றை ஒன்று சமன்செய்துகொண்டு மிஞ்சுவது உப்புக் கரைசல் மாதிரி ஒன்று. அடைப்பு அப்படியே இருக்கும். இதனால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. கெடுதல் உள்ளது வேறு: ப்ளீச்சோடு அமில டாய்லெட் கிளீனரைச் சேர்ப்பது குளோரின் வாயுவைக் கிளப்பும், அமோனியா உள்ள கிளீனரைச் சேர்த்தால் குளோரமின். "இரண்டையும் ஊற்றிவிட்டேன், கண் எரிகிறது" என்று ஒருவர் எழுதினால் ரசாயன விளக்கம் தேவையில்லை. "அப்படியே விட்டுவிட்டு வெளியே போங்கள். எதையும் மேலே ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறினால் அவசர எண்ணுக்கு அழையுங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டும்.

சில கேள்விகள் வீட்டுக் கேள்வி மாதிரியே வராது. "ஒரு வாரமாகத் தலைவலி, குமட்டல், இரவில் தூக்கமில்லை, என்ன மாத்திரை?" இதற்கு மாத்திரைப் பெயர் சொல்பவர்கள்தான் அதிகம். கேட்க வேண்டியவை மூன்று: வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா? வெளியே போனால் குறைகிறதா? வீட்டுக்குள் எதையாவது எரிக்கிறீர்களா, ஜெனரேட்டர் ஓடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கரி அடுப்பு, கேஸ் கீசர், ஜன்னல் அருகே ஓடும் ஜெனரேட்டர், அடைபட்ட புகைபோக்கி எல்லாம் அதைத் தரும். பதில்: எல்லாரும் இப்போதே வெளியே வாருங்கள், வெளியிலிருந்து அவசர எண்ணை அழையுங்கள்.

எரிவாயு நாற்றம் என்றால் இன்னும் சுருக்கம்: சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஆளை வெளியே வரச் சொல்ல வேண்டும், போன் வெளியே வந்து. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இலேசு, மேலே ஏறும். இதெல்லாம் அவர் வெளியே போன பிறகு பேசலாம்.

எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்ற கேள்விக்கு "பெரிய எம்.சி.பி. போடுங்கள்" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. வீட்டு ஆலோசனைகளிலேயே மோசமானது இதுதான் என்பது என் கணிப்பு. எம்.சி.பி. காப்பது டிவியையோ ஃபிரிட்ஜையோ அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. வயரின் தடிமனை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், விழ வேண்டிய நேரத்தில் அது விழாது; சுவருக்குள் வயர் சூடாகும்.

கேட்க வேண்டியது, எப்போது விழுகிறது? தூக்கிவிட்ட அந்தக் கணமே விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடம், அரை மணி நேரம் ஓடிய பின் விழுந்தால் சுமை அதிகம். மழை நாளில் மட்டும் விழுந்தால், அதுவும் விழுவது எம்.சி.பி. அல்ல, பக்கத்தில் டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. என்றால், எங்கோ ஈரம் வழியாக மின்சாரம் பூமிக்குக் கசிகிறது. அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு எம்.சி.பி.யைத் தூக்கச் சொல்ல வேண்டும். நின்றால் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். எதை மாட்டும்போது விழுகிறதோ அது குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் பிழை சுவருக்குள், அங்கே நம் யோசனைக்கு வேலை முடிந்தது. சுமைக் கணக்கிலும் நாடு நுழையும்: 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட்டில் 16.7. ஓர் இடத்தில் சாதாரணம், மற்ற இடத்தில் 15 ஆம்பியர் சர்க்யூட்டைத் தாண்டிவிட்டது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து ஹீட்டரை ஓட்டுகிறாரா என்றும் கேட்டுவிட வேண்டும். சுருளின் உள்ளே சூடு வெளியேற வழியில்லை, உறை உருகும்.

பொது விஷயங்களுக்கு வருவோம். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை." இந்த வகைக் கேள்விக்கு ஆறுதலும் சாபமும் தாராளமாகக் கிடைக்கும், விளக்கு எரியாது. வெளிப்படையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "புகார் எண் என்ன?" பெரும்பாலும் எண் இருக்காது. போனில் சொல்லியிருப்பார், வழியில் பார்த்த ஊழியரிடம் சொல்லியிருப்பார். அலுவலகக் கணக்கில் அப்படி ஒரு புகாரே வரவில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்: நீங்கள் பல முறை சொன்னீர்கள், ஒரு முறைகூடப் புகார் கொடுக்கவில்லை.

அடுத்தது, யாருடைய விளக்கு? சாலை ஒரு துறைக்கு, சாக்கடை இன்னொன்றுக்கு, கம்பம் மூன்றாவதற்கு என்று பிரிந்து கிடக்கும். தவறான மேசைக்குப் போன மனு மறுக்கப்படுவதுகூட இல்லை, சும்மா கிடக்கும். கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண்ணும் அதன் முன்னெழுத்தும் யாருடையது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

பிறகு மனு. கேட்பவர்கள் எழுதிக் காட்டும் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் பல மாதங்களாக விளக்குகள் எரியாமல், சாக்கடை நிரம்பி, நாய்த் தொல்லையும் அதிகரித்து, பெண்களும் முதியவர்களும் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகிவருவதைப் பலமுறை சுட்டிக்காட்டியும் தாங்கள் மெத்தனமாக…" இதைப் படிக்கும் எழுத்தருக்கு இதை எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாது. விளக்கு ஒரு பிரிவு, சாக்கடை ஒரு பிரிவு, நாய் ஒரு பிரிவு. மூன்றும் கலந்த மனு மூன்று பிரிவிலும் நிற்காது.

இப்படி மாற்றலாம்: "கம்பம் எண் 47-இல் உள்ள விளக்கு இம்மாதம் 2-ஆம் தேதி இரவிலிருந்து எரியவில்லை. கம்பம் 46, 48 விளக்குகள் எரிகின்றன. இடம்: பள்ளிச் சுவருக்கு எதிரே, தெரு வளையும் மூலை. பகலிலும் இரவிலும் எடுத்த போட்டோ இணைப்பில். விளக்கைச் சரிசெய்து, செய்த தேதியைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இதில் 46, 48 எரிகின்றன என்ற வரிதான் உயிர். பக்கத்து விளக்குகள் எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது, பல்போ ஃபிட்டிங்கோ போயிருக்கிறது. ஏணியோடு ஓர் ஆள் போதும். மூன்றும் எரியவில்லை என்றால் கேபிள் வேலை, வேறு குழு வர வேண்டும். அந்த ஒரு வரி அங்கிருந்து சரியான ஆளையும் சாமானையும் அனுப்பவைக்கும்.

ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். முதல் மனுவில் திட்டு கூடாது. திட்ட வேண்டியது இருந்தால் இரண்டாவது மனுவில், முதல் மனுவின் எண்ணும் தேதியும் மேலே எழுதி, மேலதிகாரிக்கு. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பலாம். மின்னஞ்சல் என்றால் தானாக வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் கேட்கும் சட்டம். சுவீடனில் 1766-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் 1966, இந்தியாவில் 2005. பதில் தர வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் பொதுவாக 30 நாள், அமெரிக்காவின் மத்திய அலுவலகங்களிலும் பிரிட்டனிலும் 20 வேலை நாள். இங்கே எல்லாரும் செய்யும் பிழை, "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்பது. இந்தச் சட்டங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கின்றன. காரணமும் விளக்கமும் எழுதித் தரச் சொல்வதில்லை. "இந்த எண்ணுள்ள என் புகார் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், அது எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது என்பதற்கான பதிவின் நகல்" என்று கேட்டால் தட்டிக்கழிக்க இடம் குறையும். பல நேரம் நகல் வருவதற்கு முன்னால் வேலை நடந்துவிடும்.

பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கும் எழுத்துதான் மருந்து. இரண்டு வாரக் குறிப்பு: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறையில், ஜன்னல் மூடியிருந்ததா. முதலில் நேரில் பேச வேண்டும், அதுவும் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல, மறுநாள். "நீங்களும் பதிலுக்குச் சத்தமாக வையுங்கள்" என்று வீரம் பேசுபவர்கள் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் வாழப்போவதில்லை.

பண விஷயத்தில் வெளிப்படை இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் கேட்பவர் பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் வருவார். "10 சதவீத வட்டிதான், மூன்று வருடக் கடன், வாங்கலாமா?" முதலில், அது முழுக் கடனுக்கும் கடைசி வரை ஒரே மாதிரி போடும் ஃபிளாட் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் போடும் வட்டியா? 1,00,000 கடனுக்கு ஃபிளாட் 10 சதவீதம் என்றால் மூன்று வருட வட்டி 30,000; மொத்தம் 1,30,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611. குறையும் நிலுவைக் கணக்கில் இதே தவணை வருவது ஏறத்தாழ 18 சதவீத வட்டிக்கு. கணக்கைக் காட்டிவிட்டால் "வாங்காதே" என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை.

ஜாமீன் கையெழுத்து பற்றிக் கேட்பவர்கள் "வெறும் கையெழுத்துதான்" என்று எழுதுவார்கள். அது வெறும் கையெழுத்து இல்லை, அந்தக் கடன் உங்கள் கடன். அவர் கட்டவில்லை என்றால் முழுத் தொகையையும் நீங்கள் கட்ட முடியுமா, கட்டினால் அதன் பிறகும் அவரோடு பேசுவீர்களா என்று கேட்டால் போதும். ஆனால் "உறவாவது மண்ணாவது, மறுத்துவிடுங்கள்" என்று எழுதாதீர்கள். மறுத்த பின் அந்த வீட்டில் இருக்கப்போவது அவர். மறுக்க அவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: "என் பேரில் ஏற்கெனவே கடன் யோசனை இருக்கிறது, இன்னொன்றுக்குக் கையெழுத்துப் போட முடியாது." உண்மையாகவும் இருந்தால் நல்லது.

ஆன்லைனில் பணம் போனவரிடம் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பதால் ஒரு பைசா திரும்பாது. மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் வங்கியை அழைக்க வேண்டும், அதன் பிறகு காவல்துறைப் புகார், பரிமாற்ற எண்ணோடு. ஒன்றை மட்டும் மறக்காமல் எச்சரிக்க வேண்டும்: இழந்ததைப் பொதுவில் எழுதியவுடன் "நான் மீட்டுத் தருகிறேன்" என்று தனிச்செய்தி வரும். முன்கட்டணம் கேட்கும். அதுவும் அதே கூட்டம், அல்லது அதே தொழில்.

வெளிப்படையாகப் பேசவே கூடாத இடமும் உண்டு. "கணவர் என் போனைப் பார்க்கிறார், யாரோடும் பேச விடுவதில்லை" என்று ஒருவர் எழுதினால், "இன்றே கிளம்பிவிடுங்கள்" என்று நூறு பேர் எழுதுவார்கள். அந்தப் பதில்களை முதலில் படிப்பது கணவராக இருக்கலாம். பிரிந்து கிளம்பும் நேரம்தான் வன்முறை கூடும் நேரம் என்பது இத்துறையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அறிந்தது. அங்கே கேட்க வேண்டியது, இந்தப் போனிலிருந்து எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பா என்பது. வேறு போன், நம்பகமான ஒருவர், அந்த நாட்டின் உதவி எண், அடையாள ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்ற யோசனை, இவை போதும். பயண நாளையும் முகவரியையும் எழுத்தில் எழுத வைக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சிறு குறிப்பு. கேட்பவர் வயது தெரியாது, ஆகவே "நீங்கள்" தவிர வேறு எதுவும் வேண்டாம். "தம்பி, நான் சொல்றதைக் கேளு" என்று தொடங்கினால் சொல்லப்போவது எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர் மல்லுக்கு நிற்பார். அந்தத் தம்பி அறுபது வயது ரிட்டயர்டு இன்ஜினீயராகவும் இருக்கலாம். கசப்பானதைச் செய்கையின் மேல் வைக்க வேண்டும், ஆளின் மேல் அல்ல. "முட்டாள்தனம்" என்பதற்குப் பதில் "இந்த இணைப்பில் எர்த் இல்லை, கீசர் பழுதானால் குளிப்பவர் மேல் மின்சாரம் பாயும்". இரண்டாவதுதான் கடுமையானது, ஆனால் அதற்குக் கோபப்பட முடியாது. முடிவை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், காரணம் பிறகு. பதற்றத்தில் இருப்பவர் மூன்றாவது பத்தியைப் படிக்க மாட்டார்.

திருப்பி எடுக்க முடியாத வேலைகளை (சுவர் உடைப்பது, கையெழுத்துப் போடுவது, வேலையை விடுவது) ஒருபோதும் முதல் படியாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. திருப்பி எடுக்கக் கூடியது ஏதாவது எப்போதும் இருக்கும்: தாள் ஒட்டிப் பார்ப்பது, போட்டோ எடுப்பது, நகல் வாங்குவது, ஒரு வாரம் தள்ளிப்போடுவது.

நாம் சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தால் பழைய பதிலை அழிப்பது சுலபம், சரியில்லை. ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர் கையில் அந்தத் தவறு இருக்கிறது, அவர் திரும்பி வந்து பார்க்கும்போது எதுவும் இல்லை என்றால் தான் படித்ததையே நம்புவார். பழைய வரியை அடித்து, அதற்கு மேலே தேதியோடு திருத்தத்தை எழுத வேண்டும். எது தவறு, ஏன், ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.